வினைக்குப் பின்னால் ஒரு வால்: ஆங்கில ஃப்ரேசல் வெர்ப் இயங்கும் விதம்

காலையில் ஆங்கிலச் செய்தித்தாளைப் புரட்டுகிறவர் ‘பஸ் ஸ்ட்ரைக் கால்ட் ஆஃப்’ என்ற தலைப்பைப் பார்க்கிறார். ‘ஸ்ட்ரைக்’ என்றால் வேலைநிறுத்தம். ‘கால்’ என்றால் அழைப்பது. ஆக, வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அலுவலகம் போக ஆட்டோ பேசிவிடுகிறார். தெருமுனையில் பஸ் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது. தலைப்பு சொன்னது நேர் எதிரான செய்தி: வேலைநிறுத்தம் வாபஸ். ‘கால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ‘ஆஃப்’ என்ற வால்தான் பொருளைத் தலைகீழாக்கியது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. நீளமான சொல் வந்தால் அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். ‘கால்’, ‘கெட்’, ‘புட்’, ‘டேக்’, ‘கோ’ எல்லாம் மூன்றாம் வகுப்புச் சொற்கள். அவற்றுக்காக அகராதியைத் திறக்க யாருக்கும் தோன்றாது. தெரிந்த சொற்கள் இரண்டு சேர்ந்து தெரியாத சொல் ஒன்றாகிவிடுகின்றன. அது தெரியாத சொல் என்பதே வாசகருக்குத் தெரிவதில்லை.

எதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம்

ஒரு வினைச்சொல்லும் ‘அப்’, ‘டவுன்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘இன்’, ‘அவுட்’, ‘ஓவர்’, ‘அவே’ போன்ற சின்னச் சொல் ஒன்றோ இரண்டோ சேர்ந்து, ஒரே வினையாக நின்று பொருள் தந்தால் அது ஃப்ரேசல் வெர்ப். தமிழில் சொற்றொடர் வினை என்று எழுதலாம். அந்தச் சின்னச் சொல்லை இங்கே இடைச்சொல் என்று அழைப்போம். தனித்து நடமாடாமல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்குவது இடைச்சொல் என்று நம் இலக்கணம் சொல்வது இதற்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது.

அன்றாட வாக்கியங்களில் இவை நான்கு விதமாக வரும்.

1. செயப்படுபொருள் இல்லாதவை. ‘தி பிளேன் டுக் ஆஃப்’ என்றால் விமானம் புறப்பட்டது. ‘தி கார் ப்ரோக் டவுன்’ என்றால் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. வினையும் வாலும் மட்டும். வேறு யாருக்கும் அங்கே இடமில்லை.

2. செயப்படுபொருள் உள்ளவை, பிரிக்கக்கூடியவை. ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’, ‘கால் ஆஃப் தி ஸ்ட்ரைக்’. வினைக்கும் வாலுக்கும் நடுவே பொருளைக் கொண்டுவந்து வைக்கலாம்.

3. பிரிக்க முடியாதவை. ‘லுக் ஆஃப்டர் தி சைல்ட்’ என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள். ‘லுக் இன்டு தி கம்ப்ளெயின்ட்’ என்றால் புகாரை விசாரி. இங்கே இடைச்சொல் நம்முடைய வேற்றுமை உருபைப் போல. குழந்தையிடமிருந்து ‘ஐ’ உருபைப் பிரித்து வேறிடத்தில் வைக்க முடியாது அல்லவா?

4. இரண்டு வால் உள்ளவை. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது. ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதும் இந்த வகைதான். வேலைக்கான கடிதத்தின் கடைசி வரியில் ‘லுக் ஃபார்வர்டு டு ஹியர்’ என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். ‘டு’வைப் பார்த்ததும் வெறும் வினை வர வேண்டும் என்று கை பழகியிருக்கிறது. இங்கே வரும் ‘டு’ வேற்றுமை வேலை செய்வது. அதற்குப் பின் பெயர்தான் வரும். ஆகவே ‘ஹியரிங்’.

வாலுக்குத் தனிப் பொருள் உண்டு

ஃப்ரேசல் வெர்ப் என்றாலே நூறு, இருநூறு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சிப் புத்தகங்கள் கடைகளில் குவிந்திருக்கின்றன. அவற்றால் பெரிய பயன் இல்லை. அவை வினையின் அகர வரிசையில் அடுக்குகின்றன: ‘கெட்’டுக்குக் கீழே இருபது, ‘புட்’டுக்குக் கீழே பதினைந்து. ஆனால் இந்தச் சேர்க்கைகளில் வினை பெரும்பாலும் வெறும் சுமைதாங்கி. பொருளைத் திருப்புவது வால். அடுக்குவதானால் வாலின்படி அடுக்க வேண்டும்.

‘அப்’பை எடுத்துக்கொள்வோம். முதல் பொருள் மேலே: ‘ஸ்டாண்ட் அப்’, எழுந்து நில். மேலே போவது கூடுவதாகவும் ஆகிறது: ‘ஸ்பீக் அப்’, உரக்கப் பேசு, ‘ஹீட் அப்’, சூடாக்கு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் மேலே வந்து விளிம்பைத் தொட்டால் அதற்கு மேல் இடமில்லை. அப்படித்தான் ‘அப்’புக்கு முழுமை என்ற பொருளும் வந்து சேர்ந்தது எனலாம். ‘ஈட்’ என்றால் சாப்பிடு. ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடி. ‘டேர்’ என்றால் கிழி. ‘டேர் அப்’ என்றால் சுக்குநூறாகக் கிழித்துப்போடு. ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. ‘டை அப்’, ‘லாக் அப்’ இரண்டிலும் இந்த முழுமைதான் கட்டிப்போடுகிறது, பூட்டிவைக்கிறது.

‘அவுட்’ என்றால் வெளியே. உள்ளே மறைந்திருந்தது வெளியே வந்தால் தெரிந்துவிடும்: ‘ஃபைண்ட் அவுட்’, கண்டுபிடி, ‘பாயின்ட் அவுட்’, சுட்டிக்காட்டு. உள்ளே இருந்தது எல்லாம் வெளியே போய்விட்டால் தீர்ந்துவிடும்: ‘சோல்டு அவுட்’ என்று திரையரங்கு வாசலில் தொங்கும் பலகையில் இருப்பது அந்த ‘அவுட்’. ‘ஆன்’ ஒட்டிக்கொண்டிருப்பது, ஆகவே தொடர்வதும்கூட: ‘கேரி ஆன்’, ‘கோ ஆன்’.

பஸ்ஸில் ஏறுவது ‘கெட் ஆன்’. ஆட்டோவில் ஏறுவது ‘கெட் இன்’. இதற்குக் காரணம் கேட்டால் பலரும் விதிவிலக்கு என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். எளிதான ஓர் அளவுகோல் இருக்கிறது. ஏறிய பிறகு நின்று நடமாட ஒரு தளம் இருந்தால் ‘ஆன்’: பஸ், ரயில், கப்பல், விமானம். குனிந்து நுழைந்து உட்காரத்தான் முடியும் என்றால் ‘இன்’: கார், ஆட்டோ. மேலே ஏறி உட்காரும் குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மறுபடி ‘ஆன்’. இறங்கும்போதும் இதே கணக்கு: பஸ்ஸிலிருந்து ‘கெட் ஆஃப்’, காரிலிருந்து ‘கெட் அவுட் ஆஃப்’. பள்ளிக்கூடத்தில் ‘கெட் அவுட்’ என்பதை வசவாக மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு அது காரிலிருந்து இறங்கும் சாதாரண வினையும்தான் என்பது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கலாம்.

ஒரே இரவில் ஐந்து ‘கோ ஆஃப்’

வால் எவ்வளவு தூரம் நீளும் என்பதை ஒரு சேர்க்கையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு வீட்டில் ஓர் இரவு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. இரவு பத்து மணிக்கு விளக்குகள் ‘வென்ட் ஆஃப்’. அணைந்தன.

2. தெருக்கோடியில் பட்டாசு ஒன்று ‘வென்ட் ஆஃப்’. வெடித்தது.

3. காலை ஐந்து மணிக்கு அலாரம் ‘வென்ட் ஆஃப்’. அடித்தது.

4. மின்சாரம் இல்லாததால் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பால் ‘வென்ட் ஆஃப்’. கெட்டுப்போனது. இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் வேறு மாதிரி சொல்வார்.

5. வீட்டுக்காரர் மதுரைக்கு ‘வென்ட் ஆஃப்’. கிளம்பிப் போனார்.

விளக்கு ‘ஆஃப்’ ஆனால் அணைகிறது. அலாரம் ‘ஆஃப்’ ஆனால் அலறுகிறது. முரண்பாடு போலத் தெரிகிறது. ‘ஆஃப்’ என்பதன் ஆதிப் பொருள் விலகல், பிடி விடுதல். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் முடிச்சு அவிழும். விளக்கு எரியும் நிலையிலிருந்து விலகியது. பால் நல்ல நிலையிலிருந்து விலகியது. வீட்டுக்காரர் இருந்த இடத்திலிருந்து விலகினார். பட்டாசிலும் அலாரத்திலும் அடங்கிக் கிடந்தது கட்டுவிட்டு வெளியேறியது. எதிலிருந்து விலகல் என்பதை எழுவாய்தான் தீர்மானிக்கிறது. வேலைநிறுத்தத்தை ‘கால் ஆஃப்’ செய்வதும் இதுதான்: களத்தில் இறக்கியவர்களைக் குரல்கொடுத்து விலக்கிக்கொள்வது. கடனை ‘பே ஆஃப்’ செய்தால் கடன் தோளைவிட்டு விலகுகிறது.

எல்லாச் சேர்க்கையும் இப்படி அழகாக அவிழ்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. ‘புட் அப் வித்’ ஏன் பொறுத்துக்கொள்வது ஆயிற்று என்பதற்குத் திருப்தியான விளக்கம் சொல்வது கடினம். அப்படிப்பட்டவற்றை மட்டும் அப்படியே வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். அவை பயப்படும் அளவுக்கு அதிகமில்லை.

தமிழிலும் இதே வித்தை

இந்த வித்தை தமிழருக்குப் புதிதல்ல. ‘விட்டுக்கொடு’ என்ற சொல்லைத் தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவரிடம் கொடுத்துப் பாருங்கள். ‘விடு’ அவருக்குத் தெரியும், ‘கொடு’வும் தெரியும். விட்டபின் எதைக் கொடுப்பது என்று கேட்பார். ‘காட்டிக்கொடு’ என்றால் எதையோ காட்டி, எதையோ கொடுப்பது என்று நினைப்பார். துரோகம் என்று யாராவது சொன்னால் திகைத்துப்போவார். இதில் வேடிக்கை, விட்டுக்கொடுப்பது ஆங்கிலத்தில் ‘கிவ் இன்’, ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பது ‘கிவ் அவே’. இரண்டு மொழியும், ஒன்றையொன்று பாராமல், ஒரே ‘கொடு’வை வைத்து ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

நம் துணைவினைகள் செய்யும் காரியம் ஆங்கில வால்கள் செய்யும் காரியத்துக்கு மிக நெருக்கமானது. சாப்பிட்டான், சாப்பிட்டுவிட்டான், சாப்பிட்டுத் தீர்த்தான், சாப்பிட்டுத் தொலைத்தான் என்ற நான்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்கிறது. ‘தள்ளிப்போடு’ என்றால் ‘புட் ஆஃப்’; ‘பார்த்துக்கொள்’ என்றால் ‘லுக் ஆஃப்டர்’. ஆக, சொல்லுக்குச் சொல் நேராகப் பெயர்க்காமல், இந்த வால் தமிழில் எந்தத் துணைவினையின் வேலையைச் செய்கிறது என்று கேட்டால் பாதி வழி கடந்தாயிற்று.

மீதிப் பாதியில் இரண்டு மொழியும் பிரிகின்றன. தமிழில் முதல் வினை உறைந்து நிற்கும். காலமும், செய்தவர் யார் என்பதும் கடைசிச் சொல்லில் ஏறும்: விட்டுக்கொடுத்தான், விட்டுக்கொடுப்பாள். ஆங்கிலத்தில் முதல் சொல் காலம் காட்டும். வால் உறைந்து நிற்கும்: ‘கால்ஸ் ஆஃப்’, ‘கால்ட் ஆஃப்’, ‘காலிங் ஆஃப்’. இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ‘விட்டு’க்கும் ‘கொடு’வுக்கும் நடுவே நிலத்தையோ மானியத்தையோ கொண்டுபோய் உட்காரவைக்க முடியாது. ஆங்கிலத்தில் வைக்கலாம், சில சமயம் வைத்தே ஆக வேண்டும். தமிழர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

நடுவில் யார் உட்காரலாம்

2015இல் மத்திய அரசு, வசதியுள்ளவர்கள் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமாக விட்டுக்கொடுக்கக் கோரி ஓர் இயக்கம் தொடங்கியது. அதன் பெயர் ‘கிவ் இட் அப்’. ‘கிவ் அப் இட்’ என்று பெயர் வைத்திருந்தால் ஆங்கிலம் பேசும் எவருக்கும் காதில் உறுத்தியிருக்கும். இடம் பற்றிய விதி முழுவதும் அந்த மூன்று சொல்லில் அடங்கியிருக்கிறது.

1. செயப்படுபொருள் ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடமும் சரி. ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’, ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’.

2. அது ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘மீ’ போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே. ‘டர்ன் இட் ஆஃப்’. இதற்குத் தளர்வு கிடையாது.

3. செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் கடைசியில் வைப்பதே வசதி. ‘மாடியில் பகலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய மின்விசிறி’யை வினைக்கும் வாலுக்கும் நடுவே திணித்தால், வால் வந்து சேர்வதற்குள் கேட்பவர் வாக்கியத்தைத் தொலைத்துவிடுவார்.

4. பிரிக்க முடியாத வகையில் பிரதிப்பெயரும் கடைசியில்தான்: ‘லுக் ஆஃப்டர் ஹெர்’.

இரண்டாம் விதி ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் புதிய செய்திக்கு உரியது. அழுத்தம் அங்கே விழும். ‘இட்’ என்பது பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருள். பழைய சரக்கு. அதற்குக் கடைசி நாற்காலி தரமாட்டார்கள். புதுச் செய்தி ‘ஆஃப்’. அணை என்பதுதான் கட்டளை.

பிரிக்கக்கூடியது எது, முடியாதது எது என்று எப்படி அறிவது? ‘ஹி ரான் அப் எ பில்’, ‘ஹி ரான் அப் எ ஹில்’ என்ற இரண்டு வாக்கியங்களை ஆங்கில இலக்கண வகுப்புகளில் எடுத்துக்காட்டாகத் தருவதுண்டு. ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. முன்னது: கடன் பாக்கியை ஏற்றிக்கொண்டே போனான். பின்னது: குன்றின் மேல் ஓடினான். முதல் வாக்கியத்தில் ‘ரான் எ பில் அப்’ என்று மாற்றலாம். இரண்டாவதில் ‘ரான் எ ஹில் அப்’ என்றால் வாக்கியமே உடைந்துவிடும். அங்கே ‘அப்’ குன்றைச் சேர்ந்தது, ஓட்டத்தைச் சேர்ந்தது அல்ல. வாலைப் பின்னால் நகர்த்திப் பாருங்கள்: நகர்ந்தால் வினையின் வால், நகராவிட்டால் அடுத்து வரும் பெயரின் உருபு.

ஆங்கிலத்துக்கு இது எப்படி வந்தது

சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். வினைக்குப் பின் ஓர் இடைச்சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கம் வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் மிகுதி போலும் என்றும், அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு இதுவே என்றும் எழுதி, ‘செட் ஆஃப்’, ‘செட் இன்’, ‘செட் அவுட்’ என்று எடுத்துக்காட்டுகளை அடுக்கினார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் மிகவும் பிந்தியது. எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் அதை அச்சில் பரப்பினார். தமக்கு அந்தப் பெயரைச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் குறிப்பிட்டார்.

பழக்கம் அதற்கெல்லாம் முந்தியது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் ‘ஆவுஃப்கேபன்’ என்றொரு வினை. ‘ஆவுஃப்’ மேலே, ‘கேபன்’ கொடுப்பது. பொருள் கைவிடுவது. எழுத்துக்கெழுத்து ‘கிவ் அப்’தான். அகராதியில் முன்னொட்டாக ஒட்டி நிற்கும் ‘ஆவுஃப்’, சாதாரண வாக்கியத்தில் கழன்றுபோய்க் கடைசியில் நிற்கும். பழைய ஆங்கிலத்திலும் முன்னொட்டுகள் ஏராளம். காலப்போக்கில் அவை தேய்ந்து, அந்த வேலையைப் பின்னால் நிற்கும் சின்னச் சொற்கள் ஏற்றுக்கொண்டன.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் நீதிமன்றமும் அரண்மனையும் பிரெஞ்சு பேசின. தேவாலயமும் கல்வியும் லத்தீன் பேசின. அங்கிருந்து வந்த வினைகள் மேல்தட்டில் உட்கார்ந்தன. அடுப்படியிலும் வயலிலும் பழைய வினைகள் வால்களோடு நீடித்தன. இன்றும் ஒரே பொருளுக்கு இரட்டைச் சொற்கள் இருப்பது அதனால்தான்: ‘போஸ்ட்போன்’ – ‘புட் ஆஃப்’; ‘டாலரேட்’ – ‘புட் அப் வித்’; ‘இன்வெஸ்டிகேட்’ – ‘லுக் இன்டு’; ‘எக்ஸ்டிங்விஷ்’ – ‘புட் அவுட்’.

நம் பள்ளிகளில் பாடநூல் வழியாகப் படிந்தது பெரும்பாலும் இந்த இணைகளின் இடப்பக்கச் சொற்கள். ஆகவே நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர், பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் வேலி அருகில் நின்று பேசுவதைக் கேட்டுக் குழம்புகிறார். பேசும்போதும் சிக்கல்தான். மெழுகுவத்தியை ‘எக்ஸ்டிங்விஷ்’ செய்யச் சொன்னால் பிழையில்லை. ஆனால் தமிழில் ஒருவர் வீட்டில் ‘விளக்கை நிறுத்துவீராக’ என்று பேசியது போல இருக்கும். சட்டமன்றத்தை ஒத்திவைக்கிறார்கள், பல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறோம். இந்த நிறவேறுபாடுதான் அங்கேயும்.

வால் முன்னால் வந்தால்

அதே இடைச்சொல் வினைக்கு முன்னால் ஒட்டினால் வேறு சொல். செய்தி வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இது.

‘ஹோல்டு அப்’ என்றால் தாமதப்படுத்து. துப்பாக்கி காட்டிக் கொள்ளையடிப்பதும் அதுதான். ‘அப்ஹோல்டு’ என்றால் உறுதிசெய். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபோது ஆங்கிலத் தலைப்புகளில் வந்தது ‘ஸ்ட்ரைக்ஸ் டவுன்’. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2023 டிசம்பர் 11 அன்று, 370ஆவது பிரிவின் சிறப்பு நிலை நீக்கப்பட்டதைச் செல்லும் என்றபோது வந்தது ‘அப்ஹோல்ட்ஸ்’. அந்த இடத்தில் ‘ஹோல்ட்ஸ் அப்’ என்று வந்திருந்தால் நீதிமன்றம் இழுத்தடிக்கிறது என்ற செய்தியாகியிருக்கும்.

‘லுக் ஓவர்’ ஒரு தாளைப் பார்வையிடுவது. ‘ஓவர்லுக்’ அதைக் கவனிக்காமல் விடுவது. ‘டேக் ஓவர்’ நிறுவனத்தைக் கையகப்படுத்துவது. ‘ஓவர்டேக்’ நெடுஞ்சாலையில் லாரியை முந்துவது.

வினை பெயராகும்போது

தமிழ் இவற்றை வினையாக வாங்கவில்லை, பெயராக வாங்கிக்கொண்டது. லாக்கப், செக்கப், மேக்கப், பிக்கப் என்று ‘அப்’புகள் வரிசையாக வந்தன. கிரிக்கெட் வழியாக ரன் அவுட்டும் ஃபாலோ ஆனும் வந்தன. சிலவற்றுக்கு நாம் அருமையான சொற்களும் கண்டுகொண்டோம்: ‘வாக் அவுட்’ வெளிநடப்பு ஆயிற்று, ‘லாக் அவுட்’ கதவடைப்பு ஆயிற்று.

எழுதும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வினையாக இருந்தால் இரண்டு சொல். பெயராக இருந்தால் சேர்த்தோ சிறுகோடிட்டோ எழுதுவார்கள், அழுத்தமும் முதல் அசைக்கு வந்துவிடும். இணையதளத்தில் ‘லாகின்’ பக்கம் என்பது ஒரு சொல். நாம் செய்வது ‘லாக் இன்’, இரண்டு சொல். நேற்று செய்தது ‘லாக்டு இன்’. காலம் வினைக்குத்தான், வாலுக்கு அல்ல என்பது நினைவிருந்தால் ‘லாகின்டு’ என்று எழுத வராது. சில பெயர்களில் வால் முன்னால் குதித்துவிடும்: நோய் ‘ப்ரேக் அவுட்’ ஆனால் அந்த நிகழ்வு ‘அவுட்ப்ரேக்’. ‘ப்ரேக்அவுட்’ என்று பெயராக எழுதினால் கைதிகள் சிறையிலிருந்து தப்பியதாகப் பொருள்.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒன்று ‘லே ஆஃப்’. இந்தியாவின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் இதற்கு வரையறை தந்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரக் கோளாறு போன்ற காரணங்களால், பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்கு வேலை தர முடியாமல் போவது அது. பெயர் பதிவேட்டிலேயே இருக்கும். உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடு. ஒரேயடியாக அனுப்பிவிடுவதற்கு அதே சட்டத்தில் வேறு சொல்: ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’, அதாவது ஆட்குறைப்பு. கணினி நிறுவனச் செய்திகளில் வரும் ‘லே ஆஃப்’ அமெரிக்க வழக்கு. அங்கே அது இப்போது பெரும்பாலும் திரும்பக் கூப்பிடாத பணிநீக்கம். ஒரே சொல் சட்டப் புத்தகத்தில் தற்காலிகம், தலைப்புச் செய்தியில் நிரந்தரம்.

நம் ஊர் வால்கள்

இந்திய ஆங்கிலம் வாலைச் சில இடங்களில் கூடுதலாக ஒட்டும், சில இடங்களில் வினையை அறுத்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொள்ளும்.

1. ‘கோப் அப் வித்’. சமாளிப்பதற்கு ‘கோப் வித்’ போதும். ‘கீப் அப் வித்’ என்பதன் சாயலில் ‘அப்’ வந்து ஒட்டியிருக்க வேண்டும்.

2. ‘ஆன் தி ஃபேன்’, ‘ஆஃப் தி லைட்’. வினை காணாமல் போய், வால் தானே வினையாகிவிட்டது. பேச்சில் எல்லோருக்கும் புரியும். எழுத்தில் ‘ஸ்விட்ச்’ அல்லது ‘டர்ன்’ வேண்டும்.

3. ‘புட் அப்’. அரசு அலுவலகத்தில் கோப்பை மேலதிகாரியின் ஆணைக்கு வைப்பது ‘புட் அப்’. ‘எங்கே தங்கியிருக்கிறீர்கள்’ என்பதற்கும் இங்கே ‘புட் அப்’ என்பார்கள். இரண்டும் இங்கே செல்லுபடியாகும் நாணயம். வெளிநாட்டில் முதலாவதைச் சொன்னால் கோப்பைச் சுவரில் மாட்டியதாக நினைக்கக்கூடும்.

4. ‘பாஸ் அவுட்’. கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு இங்கே வழங்கும் சொல். ஆங்கிலம் பேசும் மற்ற நாடுகளில் அதன் முதல் பொருள் மயங்கி விழுவது. ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று நேர்காணலில் சொன்னால், எதிரே இருப்பவர் இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க நேரலாம். விண்ணப்பத்தில் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பு.

இந்தக் கடைசிச் சொல் நாமாகக் கட்டியதும் அல்ல. பிரிட்டிஷ் ராணுவ வழக்கில் பயிற்சி முடித்த வீரர்கள் நடத்தும் அணிவகுப்பு ‘பாஸிங் அவுட் பரேட்’. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் இன்றும் அதே பெயரில் அது நடக்கிறது. அங்கே அணிவகுத்து வெளியேறும் இளம் அதிகாரிகள் மட்டும் எந்த நாட்டு ஆங்கிலத்திலும் தாராளமாக ‘பாஸ் அவுட்’ ஆகலாம். வெயிலில் வெகுநேரம் நிற்கவைத்தால் இரண்டு பொருளிலும்.